மெக்ஸ் ஓடுபாதையின் நினைவைக் காப்பாற்றுங்கள்: சிகாகோ பூங்கா வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

வணக்கம்.

சிகாகோ ஏரிக்கரையில் உங்கள் பராமரிப்பில் இருக்கும் நார்தர்லி தீவில் 1948 டிசம்பர் 10 முதல் 2003 மார்ச் 30 வரை ஒரு விமான நிலையம் இயங்கியது. மெக்ஸ் ஃபீல்டு என்று அதற்குப் பெயர். அந்த ஓடுபாதையில் சிறு விமானம் ஓட்டி வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். நிலையத்தின் முதல் பத்தாண்டுகளில் அங்கே பறந்தவர்கள் இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறை ஒட்டிய வயதில் இருப்பார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய நினைவுகளை அவரவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தீவில் இன்னும் நிற்கும் பழைய முனையக் கட்டடத்தில் அவற்றை வையுங்கள். ஓடுபாதை கிடந்த இடத்தைத் தரையில் அடையாளம் காட்டுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

விமான நிலையத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. 2015இல் நீங்கள் திறந்த நாற்பது ஏக்கர் இயற்கைப் பூங்காவில் நானும் நடந்திருக்கிறேன். வலசைப் பறவைகள் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் வழியில் அங்கே இறங்கி இளைப்பாறுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பூங்கா. நகர வடிவமைப்பாளர் டேனியல் பர்னம் சிகாகோவுக்காக வகுத்த 1909ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிராண்ட் பார்க்கிலிருந்து ஜாக்சன் பார்க் வரை ஏரியில் வரிசையாகத் தீவுகள் அமைத்து மக்களுக்குத் தர நினைத்தார். கடைசியில் உருவானது இந்த ஒன்று மட்டும். அதைப் பூங்காவாகப் பார்க்க ஆசைப்பட்டவர்களின் ஆசையில் தவறில்லை.

ஆனால் இந்தத் தொண்ணூற்றோரு ஏக்கர் மண் ஒரே ஒரு வாழ்க்கை வாழ்ந்த மண் இல்லை. ஏரியைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. 1930இல் அதன் வடமுனையில் ஆட்லர் கோளரங்கம் எழுந்தது. 1933, 34ஆம் ஆண்டுகளில் நடந்த உலகக் கண்காட்சியின் ஒரு பகுதி அங்கே நடந்தது. பிறகு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் விமானங்கள். பர்னமின் கனவைப் பற்றியும் கண்காட்சியைப் பற்றியும் நகரம் பெருமையோடு பேசுகிறது. இடையில் வந்த அந்த நீண்ட காலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஓடுபாதையைத் தோண்டிப்போட்டு நிலையத்தை மூடிய அந்த ஓர் இரவைப் பற்றிய சண்டையாகவே மாறிவிடுகிறது. அங்கே பறந்தவர்களின் அன்பு அந்தச் சண்டைக்குள் அமுங்கிக் கிடக்கிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

மெரில் மெக்ஸ் ஒரு பத்திரிகை அதிபர். விமானப் பைத்தியம் என்றே சொல்லலாம். நகரின் மையத்துக்குச் சில நிமிடங்களில் வந்து சேரும்படி ஏரிக்கரையில் ஒரு விமான நிலையம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். அவர் பெயரையே பிறகு அதற்கு வைத்தார்கள். 1950களின் நடுவில், ஒற்றை ஓடுபாதை கொண்ட அமெரிக்க விமான நிலையங்களில் அதுதான் மிகவும் பரபரப்பானது என்று பெயரெடுத்திருந்தது. 1961இல் புதிய முனையக் கட்டடத்தை அன்றைய மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி திறந்து வைத்தார். பின்னாளில் நிலையத்தை மூடிய மேயரின் தந்தை அவர்.

ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 3,900 அடி, அகலம் 150 அடி. நகரின் பெரிய விமான நிலையமான ஓஹேரின் மிக நீளமான ஓடுபாதை 13,000 அடி என்பதை நினைத்துப் பார்த்தால் மெக்ஸ் எவ்வளவு சின்னது என்று புரியும். வடக்கு தெற்காக ஒரே ஒரு பாதை. தெற்கிலிருந்து வந்து இறங்கினால் அதன் பெயர் 36, வடக்கிலிருந்து வந்தால் 18. கிழக்கே மிச்சிகன் ஏரி. மேற்கே பர்னம் படகுத்துறை, அதற்கும் அப்பால் சோல்ஜர் ஃபீல்டு விளையாட்டரங்கம், அதற்கும் பின்னால் முழு நகரமும்.

நான் விமானம் ஓட்டக் கற்றது இந்த இல்லினாய் மாநிலத்தின் நடுவில், சாம்பெயின் நகரத்து வில்லர்டு விமான நிலையத்தில். சோள வயல்களுக்கு மேல் பறந்து பழகியவர்களுக்கு மெக்ஸ் ஒரு பரீட்சை, ஒரு பரிசும்கூட. கான்ககீ நகரத்தைத் தாண்டி வடக்கே வரும்போதே ஓஹேருக்குரிய வான்வெளியின் அடித்தளத்துக்குக் கீழே தணிந்துவிட வேண்டும். மேற்கே நகரின் இன்னொரு விமான நிலையமான மிட்வேக்குரிய வான்வெளியைத் தொடாமல் ஒதுங்க வேண்டும். கேரி நகரத்து இரும்பாலைகளின் புகைக்கூண்டுகள் வலப்பக்கம் தெரியத் தொடங்கும். பிறகு கரையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் போக வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அங்கே எவருக்கும் காது கூர்மையாகிவிடும். எஞ்சின் நின்றால் சறுக்கிக்கொண்டே கரைக்குப் போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் இருக்கிறோமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். என் பயிற்றுநர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். கையால் உயரமானியைத் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான்.

மெக்ஸ் டவரை ரேடியோவில் அழைத்தால், கட்டுப்பாட்டாளர்களின் குரலில் ஓஹேரின் அவசரம் இருக்காது. மாணவர் என்று சொன்னால் இன்னும் நிதானமாகப் பேசுவார்கள். 36இல் இறங்க அனுமதி வாங்கிக் கடைசி நேர்கோட்டுக்குத் திரும்பும்போது நகரம் முழுவதும் இடப்பக்கச் சன்னலில் எழுந்து நிற்கும். சிறு விமானத்தில் விமானி உட்காருவது இடப்பக்கம். அதாவது 36இல் இறங்கும்போது சிகாகோவின் முகப்பு விமானிக்குச் சொந்தம். 18இல் இறங்கினால் அது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பயணிக்குச் சொந்தம். அங்கே அடிக்கடி பறந்தவர்கள் காற்று எந்தத் திசை என்று பார்த்தவுடனேயே, அன்று காட்சி யாருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். நூற்றுப்பத்து மாடி சியர்ஸ் கோபுரத்தின் பாதி உயரம்கூட இல்லாத உயரத்தில், ஏறக்குறைய அதன் பக்கத்திலேயே போவதுபோல் தோன்றும். அப்போது அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடுபாதையைத்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே இறங்கிய எந்த விமானியிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஏரி தன் வழியில் பாடம் நடத்தும். வசந்தத்திலும் கோடையிலும் நண்பகலுக்குப் பிறகு நிலம் சூடேறும். குளிர்ந்த தண்ணீரின் மேலிருந்து காற்று கிழக்கேயிருந்து கரைக்குள் தள்ளும். ஓடுபாதை வடக்கு தெற்கு, காற்று நேர்க்குறுக்கே. மேற்கேயிருந்து காற்று அடித்தாலோ உயரமான கட்டடங்களின் மேல் மோதிச் சுருண்டு வந்து, தரைக்குச் சில அடிகள் மேலே விமானத்தை உலுக்கும். வசந்தகாலத்தில் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த ஏரியின் மேல் தவழ்ந்து மூடுபனியாகும்; மிட்வேயில் வெயில் அடிக்கும்போது மெக்ஸில் ஓடுபாதையின் மறுமுனை தெரியாது. ஜனவரிக் காலைகளில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும். இருபது ஆண்டு கழித்துப் பேசும்போதும், அந்த விமானிகள் தேதியை மறந்திருப்பார்கள்; அன்றைய காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை மறக்க மாட்டார்கள்.

இரவு இறங்குவது தனி அனுபவம். மேற்கே கோடி விளக்குகள். கிழக்கே முழு இருட்டு: அடிவானம் இல்லை, ஏரி எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. கண் வெளிச்சத்தின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். கருவிகளை நம்பிப் பறக்க வேண்டும் என்று வகுப்பறையில் சொல்லித் தருவதன் பொருள், ஏரிப் பக்கம் திரும்பும் அந்த ஒரு திருப்பத்தில் உடம்புக்கே புரிந்துவிடும்.

இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டு, முனையத்தைக் கடந்து வெளியே வந்தால் நகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஷெட் மீன்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். விமானத்தில் வந்து, மதியம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்து, மாலையில் வீடு திரும்பிய குடும்பங்கள் உண்டு. உலகில் எத்தனை பெருநகரங்கள் ஒரு சிறு விமானத்தில் வந்தவரை இப்படித் தன் வாசலிலேயே இறக்கிவிட்டிருக்கின்றன? டொரண்டோவின் தீவு விமான நிலையம் நினைவுக்கு வருகிறது. அதற்கு மேல் பட்டியல் நீளவில்லை.

மெக்ஸ் பணக்காரர்களின் சொந்த வாசல் என்று அதை எதிர்த்தவர்கள் சொன்னார்கள். நிறுவனங்களின் விமானங்கள் அங்கே வந்தன, உண்மைதான். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் சிகாகோவுக்கும் இடையே மாநில அரசின் அலுவலர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் போய்வந்த வழியும் அதுவே. ஏர் இல்லினாய் போன்ற சிறு நிறுவனங்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. நோயாளிகளைச் சுமந்த விமானங்கள் நகர மருத்துவமனைகளுக்கு மிக அருகில் இறங்கின. 1992 செப்டம்பரில் ஒரு போயிங் 727 அந்தக் குட்டை ஓடுபாதையில் வந்து இறங்கி நின்றது. யுனைடெட் நிறுவனம் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த விமானம் அது. இன்றும் அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அது கடைசியாகத் தரை தொட்ட இடம் உங்கள் பூங்கா என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆணையர்களே, உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. இரண்டாம் உலகப் போரில் பறந்த, அமெரிக்கப் படையின் முதல் கறுப்பின விமானிகளான டஸ்கீகி விமானப்படை வீரர்களை அறிவீர்கள். அவர்கள் பெயரில் இயங்கும் அமைப்பின் சிகாகோக் கிளை மெக்ஸிலிருந்து நகரத்துப் பிள்ளைகளை இலவசமாக விமானத்தில் ஏற்றிச் சென்றது. பரிசோதனை விமானச் சங்கம் 1992இல் தொடங்கிய இளம் கழுகுகள் திட்டத்தின் கீழ், எட்டு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள். நகரின் தெற்குப் பகுதியான சவுத் சைடிலிருந்து வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். தாங்கள் நடக்கும் தெருவையும் படிக்கும் பள்ளியையும் மேலிருந்து விரலால் சுட்டிக் காட்டிவிட்டு இறங்குவார்கள். மெக்ஸ் மூடிய பிறகு அந்தக் கிளை இண்டியானா மாநிலத்தின் கேரிக்கு இடம் மாறியது. வேலை தொடர்ந்தது, நன்றி சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் தன் வீட்டுக்கு அருகிலேயே, தன் ஊரின் ஏரிக்கரையிலேயே வானத்துக்கு ஏறுவது ஒரு பிள்ளைக்கு என்ன தரும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். உங்கள் நகரத்திலேயே இருக்கிறார்கள். நான் கேட்கும் பதிவுகளில் அவர்கள் குரல்தான் முதலில் வர வேண்டும்.

விமானத்தில் கால் வைக்காமலே மெக்ஸை நேசித்தவர்களும் உண்டு. அவர்கள் எண்ணிக்கை இன்னும் பெரியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக்கின் சப்லாஜிக் நிறுவனம் சாம்பெயினில் இருந்தது. அவர் உருவாக்கிய விமானப் பாவனை மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 1982இல் ஃபிளைட் சிமுலேட்டர் என்று வெளியிட்டது. அதன் பல பதிப்புகளில் ஆட்டம் தொடங்கும் இடமே மெக்ஸ்தான். கோயம்புத்தூரில் என் தாய்மாமாவின் அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் அதை ஓட்ட விடுவார். திரை எழும்பியதும் செஸ்னா விமானம் ஓர் ஓடுபாதையின் முனையில் நிற்கும். பக்கத்தில் சில கட்டங்களால் வரைந்த கோபுரங்கள், மறுபக்கம் நீலமாக ஒரு பரப்பு. அது சிகாகோ என்றோ, அந்த நீலம் ஏரி என்றோ அப்போது எங்களுக்குத் தெரியாது. கடல் என்றே நினைத்தோம். இந்தியாவிலும் பிரேசிலிலும் போலந்திலும் எத்தனையோ பிள்ளைகள் நேரில் பார்த்த முதல் விமான நிலையத்துக்கு முன்பே மெக்ஸைப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் உண்மையில் விமானிகள் ஆனார்கள். நான் முதன்முறை 36இல் இறங்கியபோது என் பயிற்றுநரிடம் இந்த இடம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன். அவருக்கு வியப்பில்லை. அவரிடம் கற்ற வெளிநாட்டு மாணவர்கள் பலர் அதையே சொல்லியிருந்தார்களாம்.

2006இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் மெக்ஸ் இல்லை. உண்மையில் இல்லாததைக் காட்ட வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகெங்கும் இருக்கும் ஆர்வலர்கள் தங்கள் சொந்த உழைப்பில், பழைய படங்களைப் பார்த்து, அதை மறுபடி கட்டி ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல், கூலி இல்லாமல். ஓர் ஓடுபாதையின் மேல் மனிதர்களுக்கு இவ்வளவு பாசம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த இரவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது.

நிலம் உங்கள் வாரியத்துடையது; நகரம் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. 1996 செப்டம்பரில் குத்தகை முடிந்ததும் நிலையம் ஒருமுறை மூடப்பட்டது. மாநில அரசு எதிர்த்து நின்றது. உடன்பாடு ஏற்பட்டு 1997 தொடக்கத்தில் மறுபடி திறந்தார்கள். 2001 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் எம். டேலியும் ஆளுநர் ஜார்ஜ் ரையனும் ஓஹேர் விரிவாக்கத்தோடு சேர்த்து ஓர் ஏற்பாட்டை அறிவித்தார்கள். மெக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் என்று நாங்கள் நம்பியது அதனால்தான். அதற்குத் தேவையான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் நிறைவேறவில்லை.

2003 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு, மேயரின் உத்தரவின்படி காவல்துறைப் பாதுகாப்போடு இயந்திரங்கள் தீவுக்குள் வந்தன. விடிவதற்குள் ஓடுபாதையில் பெரிய எக்ஸ் வடிவப் பள்ளங்களைத் தோண்டிவிட்டன. எக்ஸ் என்பது, மூடிய ஓடுபாதை என்று வானிலிருந்து பார்ப்பவருக்குச் சொல்லும் குறி. வழக்கமாக அதை வண்ணத்தால் வரைவார்கள். பதினாறு விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. பிறகு அனுமதி வாங்கி, ஓடுபாதைக்குப் பக்கத்திலிருந்த, விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவேயிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நகரப் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று மேயர் சொன்னார். மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தர வேண்டிய முப்பது நாள் முன்னறிவிப்பு தரப்படவில்லை. அதற்கு அன்றைய சட்டப்படி விதிக்க முடிந்த அதிகபட்ச அபராதம் 33,000 டாலர்தான். 2006இல் நகரம் அதைக் கட்ட ஒப்புக்கொண்டது. இடிப்பு வேலைக்குச் செலவிட்ட விமான நிலைய நிதி பத்து லட்சம் டாலரையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில், 2003 முடிவதற்குள்ளேயே, காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, அறிவிப்பின்றி மூடினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதம் என்று ஆக்கியது. அந்தப் பிரிவை மெக்ஸின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

பூங்கா வேண்டும் என்ற முடிவோடு என்னால் வாழ முடியும். அந்த முடிவை ஊர் தூங்கும்போது நிறைவேற்றியது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பகலில் மூடியிருந்தால் நூற்றுக்கணக்கானோர் வந்து வழியனுப்பியிருப்போம். கடைசி விமானம் கிளம்பும்போது கட்டுப்பாட்டாளர் கடைசி முறையாக அனுமதி சொல்லியிருப்பார். எரிபொருள் நிரப்பிய தொழிலாளர்கள் ஒருவரோடு ஒருவர் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்த ஓர் இடத்துக்கு நகரம் செய்திருக்க வேண்டிய மரியாதை அது. விமானிகளின் கோபம் இன்னும் ஆறாததற்குக் காரணம், இழந்ததைவிட, விடைபெறவே முடியாமல் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளீவ்லாந்து நகரம் தன் ஏரிக்கரையில் இருக்கும் பர்க் விமான நிலையத்தை மூடுவது பற்றிப் பேசிவருகிறது. அங்கே ஆய்வுகளை வெளியிட்டு, எல்லோர் முன்னிலையிலும் விவாதிக்கிறார்கள். முடிவு எதுவானாலும் அந்த வழி சரியான வழி.

இனி என் கோரிக்கைகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய முனையக் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்குங்கள். அங்கே நினைவுப் பதிவுகள் இருக்கட்டும். விமானிகள் மட்டும் போதாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள், எஞ்சின் பழுது பார்த்தவர்கள், எரிபொருள் வண்டி ஓட்டியவர்கள், பனி வாரியவர்கள், வாசலில் காத்திருந்த டாக்ஸி ஓட்டுநர்கள், ஸ்பிரிங்ஃபீல்டு விமானத்தில் வாரம்தோறும் போய்வந்த எழுத்தர்கள் எல்லோரும் பேசட்டும். நிலையத்தை மூடச் சொல்லிப் போராடியவர்களையும், பறவைகளைக் கணக்கெடுப்பவர்களையும் கூப்பிடுங்கள்; அவர்கள் பக்கத்து நியாயமும் அந்த அறையில் இருக்க வேண்டும். அந்த மார்ச் இரவில் நடந்ததையும் உள்ளது உள்ளபடி எழுதி வையுங்கள், கூட்டாமல், குறைக்காமல்.

எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் லாக்புக் இருக்கிறது. தேதி, விமானத்தின் எண், கிளம்பிய இடம், இறங்கிய இடம் என்று ஒவ்வொரு பறப்பும் கையால் எழுதியது. மெக்ஸின் குறியீடு சிஜிஎக்ஸ். அந்த மூன்றெழுத்து இருக்கும் பக்கங்களை எல்லோரிடமும் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். பயிற்றுநரின் கையெழுத்தும், ஓரத்தில் கிறுக்கிய ஓரிரு வார்த்தைக் குறிப்பும் அதில் இருக்கும். ஒரு நகரத்தின் ஆவணக் காப்பகத்துக்கு இதைவிட நேரடியான சாட்சியம் கிடைப்பது அரிது. வயதானவர் இறந்ததும் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்தப் புத்தகங்கள்தான். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அடுத்தது ஓடுபாதை. முழு நீளத்துக்கும் கோடு போட முடியாது என்று தெரியும். தென்பகுதியில் நீர்த்தடாகம் இருக்கிறது, வடக்கே இசையரங்கம் இருக்கிறது. ஆனால் இரு முனைகளும் இருந்த இடங்களில் 36 என்றும் 18 என்றும் தரையோடு தரையாகக் கல் பதிக்கலாம். நடைபாதை ஓடுபாதையின் நடுக்கோட்டைக் கடக்கும் இடங்களில் வெள்ளைப் பட்டை ஒன்று போதும். நடுவில் மீதமுள்ள மண்ணில் இன்னொரு யோசனை: பழைய அகலத்துக்கு லிட்டில் புளூஸ்டெம் புல்லை மட்டும் வளருங்கள். அது இந்த மாநிலத்தில் இயற்கையாகவே வளரும் புல்; இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாக மாறும். பறவைகளுக்கும் கேடில்லை, பூங்காவின் இயல்பும் கெடாது. அக்டோபரில் ஏரிக்கு மேலாக மிட்வேக்கு இறங்கும் விமானங்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓடுபாதை இருந்த இடம் தெரியும்.

இது உலகில் யாரும் செய்யாத காரியம் இல்லை. பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடியது. 2010இல் அதை மக்கள் பூங்காவாகத் திறந்தபோது ஓடுபாதைகளை அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று அவற்றின் மேல் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். டென்வரில் ஸ்டேபிள்டன் நிலையம் போன பிறகு குடியிருப்புகள் வந்தன. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். பூங்காவும் நினைவும் ஒரே நிலத்தில் இருக்க முடியும் என்று அந்த ஊர்கள் காட்டியிருக்கின்றன.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏரி அலைகள் கிழக்குக் கரை நடைபாதையை அரித்துப் போட்டிருக்கின்றன. அதைச் சரிசெய்வதே உங்களுக்குப் பெரும் செலவு என்று தெரியும். முதலில் அதைச் செய்யுங்கள். குரல் பதிவுக்கு வேண்டியது ஓர் அமைதியான அறையும் சில கருவிகளும் பொறுமையும்தான். கேட்டுப் பதிவு செய்யவும் எழுத்தில் இறக்கவும் தன்னார்வலர்கள் கிடைப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு சிறு விமான நிலையத்திலும் சனிக்கிழமைக் காலை காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். கல் பதிக்கும் செலவுக்கு நன்கொடை திரட்டவும் தயாராக இருக்கிறோம்.

உங்கள் வாரியத்தின் பொதுக்கூட்டத்தில் இதைப் பேசப் பெயர் கொடுக்க இருக்கிறேன். மெக்ஸில் கற்ற, கற்பித்த, வேலை பார்த்த சிலரையும் அழைத்து வருவேன். அவர்களில் மூத்தவர்களுக்குப் படியேறுவது சிரமம் என்பதால் முன்வரிசையில் இடம் ஒதுக்கித் தாருங்கள். லாக்புக்குகளையும் கொண்டு வருகிறோம். அன்றைக்கே பதிவைத் தொடங்க விரும்பினால், ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
மெக்ஸில் இறங்கிய விமானி ஒருவன்